சான்றிதழும் நியமமும்

பொறியியலாளர் சங்கங்களின் கடமை பட்டங்களை மதிப்பிட்டு முத்திரை இடுவதோடு முடிந்துவிடுகின்றது என்ற எண்ணம் கற்றோரிடையே வேரூன்றியுள்ளது. குடிசார் பொறியியலைப் பொறுத்தவரை இதனிலும் தீங்கான எண்ணம் வேறில்லை.

1906இல் குடியேற்ற ஆட்சியின்கீழ் ஒரு கழகமாகத் தோன்றி, 1968ஆம் ஆண்டுச் சட்டத்தால் கூட்டிணைக்கப்பட்ட இலங்கைப் பொறியியலாளர் நிறுவனம், 2014இல் வாஷிங்டன் உடன்படிக்கையில் முழு உறுப்புரிமை பெற்றது. அதன் பயனாக, அந்நிறுவனம் அங்கீகரிக்கும் பட்டநெறிகள் ஏனைய உறுப்பு நாடுகளிலும் ஒப்பான தகைமையாகக் கொள்ளப்படுகின்றன. இது சிறிய சாதனையன்று. ஆயின் இதன் பயனை முதலில் நுகர்பவர் யார்? கடல் கடந்து செல்லும் பட்டதாரியே. ஊரிலே ஓட்டுக் கூரையின்கீழ் உறங்கும் குடும்பத்துக்கு வேண்டியது, அக்கூரை எவ்வளவு காற்றைத் தாங்கவேண்டும் என்று வரையறுக்கும் நியமமாகும்.

1978 நவம்பரில் மட்டக்களப்பைச் சூறாவளி சூறையாடியது. தீவை மூன்று காற்று வலயங்களாகப் பிரித்துக் கட்டட வடிவமைப்புக்கு வழிகாட்டும் கைநூல் அதன் பின்னரே, 1980இல், வெளிவந்தது. அழிவு முந்திற்று, அறிவு பிந்திற்று.

மாணவர் பல்லாண்டுகளாகப் பயின்ற பிரித்தானியக் கொங்கிறீற்று நியமமாகிய பி.எஸ். 8110, 2010இல் அதன் தாயகத்திலேயே மீளப்பெறப்பட்டது. அதனிடத்தைப் பெற்ற ஐரோப்பிய நியமங்கள், காற்று வேகம் முதலிய பல பெறுமானங்களை அவ்வந்நாடே தீர்மானிக்குமாறு விட்டுள்ளன. கல்முனையின் காற்றை அளப்பதற்கு இலண்டனிலிருந்து எவரும் வரப்போவதில்லை.

நியமம் வகுப்பது அரசின் பணி என்பர் சிலர். அதற்குச் சட்டவலு அளிப்பது அரசின் பணியே. ஆனால் அளந்து, சோதித்து, பிழை கண்டு திருத்தும் ஆற்றல் தொழில்வல்லாரிடமே உண்டு. அவ்வாற்றலை உடையோர் வாளாவிருப்பின் அரசைக் குறைகூறும் உரிமையையும் இழப்பர்.

ஆதலின் பாடத்திட்டத்தை மதிப்பிட வரும் குழு, மாணவன் சமன்பாட்டைத் தீர்க்கின்றானா என்பதோடு அமையலாகாது. அதிலுள்ள பெறுமானம் எம்மண்ணில், எப்போது அளக்கப்பட்டது என வினவுகின்றானா என்பதையும் ஆராய்தல் வேண்டும். இறுதியாண்டு ஆய்வுகள் நூலகத் தட்டுகளில் உறங்காது நியமக் குழுக்களைச் சென்றடைதல் வேண்டும். நியமங்களின் சாரம் மேசனும் தச்சனும் விளங்கிக்கொள்ளும் தமிழிலும் சிங்களத்திலும் அச்சேறுதல் வேண்டும். இவற்றைச் செய்யாத சங்கம், எத்தனை நாடுகள் அதன் முத்திரையை மதிப்பினும், தன் நாட்டுக்குரிய கடனை இறுக்காததாகவே எஞ்சும்.