சாட்சியத்தை எழுதும் கைக்கும் பாடம் வேண்டும்

வியாபாரப் பத்தியில் நீதிமன்றச் சுருக்கெழுத்தாளரைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று சில வாசகர்கள் கேட்கக் கூடும். காசோலை திரும்பி வந்ததால் வழக்குப் போட்டவர்களும், கடை வாடகைப் பிணக்கில் ஆண்டுக்கணக்காக நீதிமன்றப் படியேறியவர்களும், பங்காளியோடு கணக்குத் தீராமல் சட்டத்தரணியிடம் போனவர்களும் அப்படிக் கேட்க மாட்டார்கள். நாம் கூண்டில் ஏறி நின்று என்ன சொன்னோம் என்பது பிறகு யாருக்கும் ஞாபகம் இருக்காது. வழக்கேட்டில் என்ன எழுதப்பட்டிருக்கிறதோ அதுதான் நாம் சொன்னது. மேன்முறையீட்டுக்குப் போனால் அங்கிருக்கும் நீதியரசர்கள் எமது முகத்தைப் பார்ப்பதில்லை, அந்தத் தாளைத்தான் பார்க்கிறார்கள்.

இதை நான் புத்தகத்தில் படித்து அறியவில்லை. சில வருடங்களுக்கு முன் நண்பர் ஒருவரின் வழக்கில் சாட்சி சொல்லப் போனேன். அவர் ஒரு புடவைக் கடைக்காரருக்குப் பன்னிரண்டு இலட்சம் ரூபா முதலாகக் கொடுத்திருந்தார். இலாபம் வந்தால் இருவருக்கும் பங்கு, நட்டம் வந்தால் முதல் போட்டவரின் முதலில் கழிவு. நாம் எல்லோரும் அறிந்த முழாறபா முறைதான். எழுத்தில் ஒப்பந்தமும் இருந்தது. (ஆயிரம் ரூபாவுக்கு மேற்பட்ட முதலுள்ள பங்குடைமை எழுத்தில் இருக்க வேண்டும் என்று 1840ஆம் ஆண்டின் மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டமே சொல்கிறது. எங்கள் ஆட்களில் பலர் இன்னும் ஸலாம் சொல்லிக் கைகொடுத்து முடித்து விடுகிறார்கள். அது வேறு கதை.) பணம் கைமாறிய போது நானும் பக்கத்தில் இருந்தவன்.

நீதிமன்ற நடவடிக்கைகள் சிங்களத்தில். நான் தமிழில் சாட்சியமளித்தேன். "கடனுக்குக் கொடுக்கவில்லை, பங்குக்குத்தான் கொடுத்தது, வருகிற இலாபத்தில் பாதி" என்றேன். உரைபெயர்ப்பாளர் சிங்களத்தில் சொன்னார், நீதிபதி கேட்டார், சுருக்கெழுத்தாளர் எழுதிக்கொண்டார். எல்லாம் சரியாக நடந்ததாகவே நினைத்து வீட்டுக்கு வந்தேன். பல மாதங்கள் கழித்து அத்தாட்சிப்படுத்திய பிரதி கைக்கு வந்த போது சட்டத்தரணி என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். நான் கடனாகக் கொடுத்ததைக் கண்டதாகவும், மாதாமாதம் வட்டி தருவதாகப் பேசப்பட்டதாகவும் அதில் இருந்தது. 'லாபய' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'பொலிய'.

எமது வழக்கின் அடிப்படையே இது வட்டிக்கடன் அல்ல என்பதுதான். எமது சாட்சியே அதை மறுத்தது போல் ஆகிவிட்டது. வழக்கு ஒருபுறம் இருக்கட்டும், அல்லாஹ்வின் பெயரால் சத்தியம் செய்துவிட்டு வட்டிக்கணக்குச் சொன்னவனாக நான் அந்தத் தாளில் நின்றேன். நண்பர் அன்றிரவு சரியாகச் சாப்பிடவில்லை என்று அவர் வீட்டில் பிறகு சொன்னார்கள்.

தவறு உரைபெயர்ப்பிலா, எழுத்திலா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கண்டுபிடிக்கவும் வழியில்லை. ஏனெனில் நான் சொன்ன தமிழ்ச் சொற்கள் வழக்கேட்டில் இல்லை, அவற்றின் சிங்களம் மட்டுமே இருக்கிறது. எமது சட்டத்தரணி எதிர்த்தரப்புக்கு அறிவித்தல் கொடுத்துத் திருத்தம் கோரினார். எழுத்திலான ஒப்பந்தம் இருந்தபடியால் நீதிபதி அதை ஏற்றுக்கொண்டார். இரண்டு தவணைகள் அதற்கே போயின. ஒப்பந்தம் எழுத்தில் இல்லாதிருந்தால் என்னவாகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே பயமாக இருக்கிறது.

அன்று நீதிமன்ற விறாந்தையில் அந்தச் சுருக்கெழுத்தாளர் சகோதரி என்னிடம் வந்தார். சண்டைக்கு வருகிறார் என்று நினைத்தேன். அவர் கேட்டதோ, "மஹத்தயா, அந்த முழாறபா என்கிற சொல்லை எப்படி எழுதுவது? அதன் கருத்து என்ன?" என்பதுதான். ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். தன் குறிப்புப் புத்தகத்தில் மடித்து வைத்துக்கொண்டார். வேலையில் சேர்ந்து இருபது வருடத்துக்கு மேலாகிறது, இப்படிப்பட்ட சொற்களை ஒருவரும் சொல்லித் தரவில்லை என்றார். அவர் மீது எனக்கிருந்த கோபம் அத்தோடு போயிற்று. வேறு இடத்தின் மீது வந்தது.

அவர் சேர்ந்த காலத்துக்குப் பிறகு நாட்டில் எத்தனை மாறியிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். 2005இல் வங்கிச் சட்டம் திருத்தப்பட்டு இஸ்லாமிய வங்கி முறைக்கு இடம் கிடைத்தது. 2011இல் அமானா வங்கி தனி வங்கியாகவே தொழிற்படத் தொடங்கியது. முராபஹா, முஷாரகா, இஜாரா எல்லாம் இன்று ஒப்பந்தப் பத்திரங்களில் சாதாரணமாக வரும் சொற்கள். 2006இல் இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டம், 2007இல் புதிய கம்பனிகள் சட்டம். சாட்சிக்கூண்டில் இப்போது மின்னஞ்சலும் வாட்ஸ்அப் செய்தியும் கூட வந்து நிற்கின்றன. எழுதுகிற கையோ சேர்ந்த நாளில் படித்த பாடத்தோடு நிற்கிறது.

இத்தொழிலுக்கென்றே அனுமதிப்பத்திரம் கொடுக்கும் நாடு ஐக்கிய அமெரிக்கா. அங்கே வழக்கு நடவடிக்கையைப் பதிபவர்களில் பலர் பிட்மன் முறையில் பென்சிலால் எழுதுவதில்லை. ஸ்டெனோடைப் என்ற சிறிய யந்திரத்தில் பல விசைகளை ஒரே நேரத்தில் அழுத்தி அசை அசையாகப் பதிகிறார்கள். அவர்களுடைய தேசிய சங்கம் 1899இல் தோன்றியது. அதன் அடிப்படைத் தராதரத்தைப் பெற மூன்று வேகப் பரீட்சைகள் உண்டு. உரைப் பகுதி நிமிடத்துக்கு 180 சொல், ஜூரிகளுக்கான அறிவுறுத்தல் 200 சொல், கேள்வி பதில் 225 சொல். ஒவ்வொன்றும் ஐந்து நிமிடம், நூற்றுக்கு 95 சரியாக இருக்க வேண்டும். கணக்குப் போட்டால் 225 வேகத்தில் ஐந்து நிமிடத்துக்கு 1125 சொற்கள், அதில் 56 பிழைக்கு மேல் போகக் கூடாது. இதைத் தவிர எழுத்துப் பரீட்சை ஒன்றும் இருக்கிறது.

எனக்குப் பிடித்த விடயம் இதற்குப் பிறகுதான் வருகிறது. பரீட்சையில் தேறியதோடு முடிந்து விடுவதில்லை. மூன்று வருடத்துக்கு ஒருமுறை முப்பது மணித்தியாலம் தொடர்கல்வி பெற்றதாகக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் அத்தராதரத்தை வைத்திருக்க முடியாது. மருத்துவச் சொற்கள், ஒழுக்கக்கோவை, புதிய சட்டங்கள், மென்பொருள் என்று பாடங்கள் இருக்கும். மாநில அனுமதிப்பத்திரம் வேறு. டெக்சாஸ் மாநிலத்தில் அதை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், அதற்கும் தொடர்கல்வி கேட்கிறார்கள்.

அங்கேயும் எல்லோரும் இதை ஏற்றுக்கொண்டு விடவில்லை. கலிபோர்னியாவில் நீதிமன்றப் பதிவாளர்களுக்குத் தொடர்கல்வியைக் கட்டாயமாக்கும் சட்டமூலம் ஒன்றை ஆளுநர் ஜெரி பிரவுண் 2011இல் கையொப்பமிடாமல் திருப்பி அனுப்பினார். தொழில் செய்பவன் தன் திறமையைத் தானே தீட்டிக்கொள்வான், சட்டம் போட்டு வகுப்புக்கு அனுப்பத் தேவையில்லை என்பது அவருடைய வாதத்தின் சாரம். இந்த வாதத்தை நான் இலேசாக ஒதுக்க மாட்டேன். தொடர்கல்வி என்ற பெயரில் ஹோட்டல் மண்டபத்தில் காலையில் கையொப்பம், மத்தியானம் புரியாணி, பின்னேரம் சான்றிதழ் என்று நடக்கும் கருத்தரங்குகளுக்கு எங்கள் நாட்டிலும் பஞ்சமில்லை. நானே அப்படிச் சிலவற்றில் புரியாணி சாப்பிட்டிருக்கிறேன்.

ஆனாலும் ஆளுநரின் வாதம் விறாந்தையில் நின்ற அந்தச் சகோதரிக்குப் பொருந்தவில்லை. படிக்க ஆசை அவரிடம் இருந்தது. எங்கே போய்ப் படிப்பது, யார் சொல்லித் தருவது, அன்றைய சம்பளம் என்னவாகும் என்பதற்குத்தான் பதில் இல்லை. எங்கள் நாட்டில் நீதிமன்றச் சுருக்கெழுத்தாளர் அரச ஊழியர். அவருக்கு ஆட்சேர்ப்புப் பரீட்சையும் வினைத்திறன்காண் தடைதாண்டல் பரீட்சையும் உண்டு. 2007இல் வந்த பொது நிர்வாக சுற்றறிக்கை ஒன்று, புதிதாகச் சேரும் அரச ஊழியர்கள் ஐந்து வருடத்துக்குள் இரண்டாவது அரசகரும மொழியில் தேர்ச்சி பெற வேண்டும் என்றது. நல்ல ஏற்பாடு. ஆனால் பொது மொழித் தேர்ச்சி வேறு, சாட்சியத்தின் மொழி வேறு. சந்தையில் மரக்கறி வாங்கும் அளவு தமிழ் தெரிந்தவருக்குப் 'பங்குக்குக் கொடுத்தது', 'கைமாற்றாகக் கொடுத்தது', 'பொறுப்பாகக் கொடுத்தது' என்ற மூன்றுக்கும் இடையிலுள்ள சட்ட வேறுபாடு தெரிய வேண்டுமென்று எதிர்பார்க்க முடியாது.

இன்னொரு சொல்லைப் பாருங்கள். கைக்கூலி. இந்தியத் தமிழ் அகராதியைப் புரட்டினால் இலஞ்சம் என்றோ, பிறருக்காகக் காசுக்கு வேலை செய்பவன் என்றோ கருத்து வரும். 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தில் அது மணமகளின் உபயோகத்துக்கென மணமகனிடம் கொடுக்கப்படும் பணம் அல்லது அசையும் சொத்து. காதி நீதிமன்றில் தமிழில் எழுதப்பட்ட வழக்கேடு காதிமார் சபைக்கும் அதற்கு மேலும் போகும் போது மொழிபெயர்க்கப்பட வேண்டியிருக்கிறது. மொழிபெயர்ப்பாளர் அகராதியை மட்டும் நம்பினால் ஒரு பெண்ணின் சொத்து இலஞ்சமாகி விடும்.

அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை சிங்களமும் தமிழும் நீதிமன்ற மொழிகள் என்கிறது, விளங்காத மொழியில் வழக்கு நடந்தால் உரைபெயர்ப்புப் பெறும் உரிமையையும் தருகிறது. உரிமை தாளில் இருக்கிறது. அதை நிறைவேற்றும் ஆட்கள் போதாது என்பது வழக்குக்குப் போய் வந்த எவருக்கும் தெரியும். உரைபெயர்ப்பாளர் இல்லை என்பதற்காகவே தவணை போடப்பட்ட நாட்களை நான் கண்டிருக்கிறேன். கடையைப் பூட்டிவிட்டு வந்த சாட்சிகள் அப்படியே திரும்பிப் போனார்கள்.

ஒலிப்பதிவுக் கருவியும் கணினியும் வந்துவிட்டன, இனிச் சுருக்கெழுத்தாளர் எதற்கு என்று இளைஞர்கள் சிலர் சொல்கிறார்கள். கருவி சத்தத்தைப் பிடிக்கும், அது நல்லதுதான். என்னுடைய வழக்கில் அப்படி ஒன்று இருந்திருந்தால் எங்கே பிழைத்தது என்றாவது தெரிந்திருக்கும். ஆனால் அந்தச் சத்தத்தைத் தாளில் இறக்கி, இது சரியான பதிவு என்று கையொப்பமிட ஒரு மனிதர் வேண்டும். அவருக்குச் சொல் தெரிந்திருக்க வேண்டும்.

ஆகவே நான் கேட்பது பெரிய காரியமல்ல. சுருக்கெழுத்தாளர், உரைபெயர்ப்பாளர், சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் ஆகிய மூவருக்கும் வருடத்துக்குப் பத்து மணித்தியாலம் போதும். அது கடமை நேரத்தில், சம்பளத்தோடு, அவர்களுடைய கைக்காசு செலவாகாமல் நடக்க வேண்டும். பாடம் அவர்கள் எழுதும் வழக்குகளிலிருந்தே வர வேண்டும். முடிவில் சான்றிதழுக்குப் பதிலாகச் சிறிய பரீட்சை ஒன்று வைத்தால் புரியாணிக் கூட்டம் தானாகக் குறையும். அகலவத்தையில் 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த தேசிய மொழிக் கல்வி, பயிற்சி நிறுவகம் இருக்கிறது. அரசகரும மொழிகள் திணைக்களம் இருக்கிறது. புதுக்கட்டடம் தேவையில்லை. செலவுக்கு அத்தாட்சிப் பிரதிக்கு நாம் கட்டும் கட்டணத்தில் சிறு பங்கை ஒதுக்கலாம். பிரதியொன்றுக்குச் சில ரூபா கூடினால் நான் முணுமுணுக்க மாட்டேன். இரண்டு தவணைக்குச் சட்டத்தரணிக்குக் கொடுத்ததை விட அது மிகக் குறைவு.

குர்ஆனின் மிக நீண்ட வசனம் தொழுகையைப் பற்றியதோ நோன்பைப் பற்றியதோ அல்ல, கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியது என்பதை எமது ஆலிம்கள் பலமுறை சொல்லியிருக்கிறார்கள். அல்பகராவின் 282ஆம் வசனம் அது. எழுதுபவர் நீதியோடு எழுத வேண்டும் என்று சொல்லும் அதே வசனத்தில், எழுதுபவருக்கும் சாட்சிக்கும் இடையூறு செய்யக் கூடாது என்றும் வருகிறது. இரண்டாவது பகுதியை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. கற்றுக் கொடுக்காமலேயே எழுத உட்கார்த்தி, பிழைத்தால் திட்டுவதும் இடையூறுதானே.

எமது பிள்ளைகளுக்கும் இதில் ஒரு தொழில் இருக்கிறது. வீட்டில் தமிழும், தெருவில் சிங்களமும், பாடசாலையில் ஆங்கிலமும் பேசி வளர்ந்த பிள்ளைகள் எங்கள் ஊர்களில் நிறைய. உயர்தரம் முடித்துவிட்டு எல்லோரும் கணக்கியல் வகுப்புக்கே ஓடுகிறார்கள். மும்மொழியும் தெரிந்த ஒரு மொழிபெயர்ப்பாளர் வீட்டிலிருந்தே பக்கக் கணக்கில் சம்பாதிக்கலாம். குறிப்பாகப் பெண் பிள்ளைகளின் பெற்றோர் இதை யோசிக்க வேண்டும்.

வர்த்தக சங்கங்கள் மகஜர் கொடுக்கும் வரை காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. நண்பரும் நானும் வியாபாரத்தில் புழங்கும் சொற்களை மூன்று மொழியிலும் எழுதத் தொடங்கினோம். இதுவரை 140 சொற்கள் சேர்ந்திருக்கின்றன. முதற் பிரதியை அந்தச் சுருக்கெழுத்தாளர் சகோதரிக்கே அனுப்பினேன். போன வாரம் திரும்பி வந்தது. 'அடமானம்', 'ஈடு', 'பிணை' மூன்றுக்கும் நாங்கள் ஒரே சிங்களச் சொல்லைப் போட்டிருந்ததைச் சிவப்பு மையால் வெட்டி, மூன்றையும் வேறு வேறாக எழுதியிருக்கிறார்.