அணுவுக்கு ஜாதகம் உண்டா?

நம் மக்களிடத்தில் இப்பொழுது ஒரு புது வாதம் கிளம்பியிருக்கிறது. முன்பெல்லாம் ஜோசியத்தைப் பற்றியோ, தாயத்தைப் பற்றியோ, தலைவிதியைப் பற்றியோ கேட்டால், "பெரியவர்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள்" என்று சொல்லித் தப்பித்துக் கொள்ளுவார்கள். இப்பொழுதோ, "எதுவும் நிச்சயமில்லை என்று உங்கள் விஞ்ஞானமே ஒப்புக்கொண்டு விட்டதே! குவாண்டம் சாஸ்திரத்தைப் படித்துப் பாருங்கள்" என்று நம்மீதே திரும்புகிறார்கள்.

சென்ற மாதம் ஒரு கிராமத்தில் நான் பேசி முடித்து மேடையை விட்டு இறங்கியதும், வயதில் பெரியவரும் நல்லவருமான ஒரு உபாத்தியாயர் இதையே கேட்டார். "ஐயா, ஒரு ரேடிய அணு எப்பொழுது உடையும் என்று எந்த விஞ்ஞானியாலும் சொல்ல முடியாதாமே! அப்படியானால் அதை உடைக்கிறவன் ஒருவன் இருக்க வேண்டாமா?" என்றார். கூடியிருந்தவர்களில் பலர் தலையை ஆட்டினார்கள். நான் கல்லூரியில் வாசித்தவனல்ல. வாசகசாலைப் புத்தகங்களோடு பல வருஷம் முட்டி மோதித் தெரிந்து கொண்டதுதான் என் படிப்பு. அதைக் கொண்டு அன்று சொன்ன பதிலைச் சற்று விரிவாக இங்கு எழுதுகிறேன்.

முதலாவது, நிச்சயமில்லை என்றால் என்ன அர்த்தம்? ஒரு காசைச் சுண்டினால் பூவா தலையா என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆனால் பத்துக் காசுகளைச் சுண்டினால், அவை விழக்கூடிய விதங்கள் மொத்தம் 1024. அவற்றில் பத்தும் தலையாக விழுவது ஒரே ஒரு விதம். ஐந்து தலையும் ஐந்து பூவுமாக விழுவதோ 252 விதம். ஆகவே சரிபாதியாக விழுவதை அடிக்கடி காண்கிறோம். பத்தும் தலையாக விழுவதை அபூர்வமாகக் காண்கிறோம். யாராவது காசின் கையைப் பிடித்து நடத்தினார்களா? இல்லை. எதற்கு விதங்கள் அதிகமோ அது அதிகமாக நடக்கிறது. அவ்வளவுதான் சங்கதி.

இனி காசுக்குப் பதிலாகக் காற்றை எடுத்துக் கொள்ளுங்கள். நாம் ஒருதரம் இழுத்து விடும் மூச்சில் உள்ள மூலக்கூறுகளின் தொகை 1-க்குப் பின் 22 சைபர் போட்ட அளவு இருக்கும். மூலையில் சாம்பிராணி போட்டால் புகை வீடெல்லாம் பரவுகிறது. பரவிய புகை தானே திரும்பிவந்து தூபக்காலில் அடங்குவதில்லை. ஏன்? பரவியிருப்பதற்கு உள்ள விதங்கள் கணக்கிலடங்காதவை. ஒரு மூலையில் திரண்டிருப்பதற்கு உள்ள விதங்கள் அவற்றின்முன் ஒன்றுமேயில்லை. இந்தப் பிரபஞ்சத்தின் வயதாகிய சுமார் 1380 கோடி வருஷம் காத்திருந்தாலும் அது திரும்பாது. வெந்நீர் ஆறுவதும், ஆறின நீர் தானே கொதிக்காததும் இந்தக் கணக்கினால்தான். இதை 1877-ம் வருஷத்தில் எடுத்துக் காட்டியவர் ஆஸ்திரியா தேசத்து லுட்விக் போல்ட்ஸ்மான் என்பவர். வியன்னா நகரில் அவருடைய கல்லறையில் ஒரு சூத்திரம் பொறித்திருக்கிறது. அது மோட்சத்துக்குப் போகிற சுலோகமல்ல. இந்த விதங்களை எண்ணிச் சொல்லுகிற கணக்கு.

இந்த இடத்தில் சிலர், "கண்ணுக்குத் தெரியாத அணுவை நீங்கள் நம்பலாம், கண்ணுக்குத் தெரியாத கடவுளை நாங்கள் நம்பக்கூடாதா?" என்று கேட்பார்கள். இதே ஆட்சேபணையை அன்றைக்கு விஞ்ஞானிகளே போல்ட்ஸ்மானிடம் எழுப்பினார்கள். மாக், ஒஸ்ட்வால்ட் போன்ற பெரிய வித்வான்கள், காணாத அணுவை ஒப்புக்கொள்ள முடியாது என்று மறுத்தார்கள். மறுத்தவர்களை யாரும் நாஸ்திகர் என்று தூற்றவுமில்லை. நரகத்தைக் காட்டி மிரட்டவுமில்லை. 1905-ல் ஐன்ஸ்டைன், தண்ணீரில் மிதக்கும் நுண்ணிய துகள்கள் மூலக்கூறுகளால் இடிபட்டு எவ்வளவு தூரம் தள்ளாடும் என்று கணக்குப் போட்டார். 1908 முதல் பாரிஸ் நகரில் பெரேன் என்பவர் பூதக் கண்ணாடியில் அதை அளந்து பார்த்தார். கணக்கும் அளவும் ஒத்தன. வேறு வேறு வழிகளில் எண்ணிப் பார்த்தபோதும் மூலக்கூறுகளின் தொகை ஏறத்தாழ ஒன்றாகவே வந்தது. உடனே ஒஸ்ட்வால்ட் தாம் சொன்னது தவறு என்று பகிரங்கமாக ஒப்புக்கொண்டார். போல்ட்ஸ்மான் அதைக் காண இல்லை. 1906-லேயே இறந்து போனார். ஆகவே அணு நம்பிக்கையினால் நிற்கவில்லை. நம்பாதவர்களும் அளந்து பார்த்ததனால் நிற்கிறது. கடவுளுக்கு இப்படிப்பட்ட ஒரு அளவையை யாராவது கொண்டுவரட்டும், பார்ப்போம்.

நிற்க, உபாத்தியாயரின் கேள்விக்கு வருவோம். ரேடியம் என்பது கியூரி தம்பதிகள் 1898-ல் கண்டுபிடித்த பொருள். அதில் எந்த அணு எப்பொழுது உடையும் என்று சொல்ல முடியாது என்பது உண்மைதான். ஆனால் எந்தக் கட்டி ரேடியத்தை எடுத்துக்கொண்டாலும் சுமார் 1600 வருஷத்தில் அதில் பாதி உடைந்து போகும். காசியில் வைத்தாலும் சரி, மெக்காவில் வைத்தாலும் சரி, குப்பை மேட்டில் வைத்தாலும் சரி, பாதிக்கு 1600 வருஷந்தான். பூஜை செய்தால் ஒரு நாள் கூடுவதுமில்லை. சபித்தால் ஒரு நாள் குறைவதுமில்லை. ஒருவன் தன் இஷ்டப்படி இவற்றை உடைத்துக் கொண்டிருந்தால் இந்தக் கணக்கு என்றைக்காவது தவறியிருக்க வேண்டாமா? தவறாமல் கணக்குப்படியே நடப்பதற்கு ஒரு எஜமான் எதற்கு?

இன்னும் ஒரு விசேஷம். அணுவுக்கு மூப்பு என்பது கிடையாது. ஆயிரம் வருஷம் இருந்த ரேடிய அணுவும் நேற்றுப் பிறந்த ரேடிய அணுவும் இன்று உடைவதற்கு ஒரே வாய்ப்புத்தான். ஒன்றுக்கொன்று எள்ளளவும் பேதமில்லாத இரண்டு அணுக்களில் ஒன்று இன்றைக்கும், மற்றொன்று ஐயாயிரம் வருஷம் கழித்தும் உடையலாம். பிறந்த நேரத்துக்கு அங்கே யாதொரு வேலையுமில்லை. ஆகையால் குவாண்டம் சாஸ்திரம் ஜோசியத்துக்குச் சாட்சி சொல்லுகிறது என்பது, கொலை செய்யப்பட்டவனையே கொலைகாரனுக்குச் சாட்சி கூப்பிடுவது போலாகும்.

ஹைசன்பர்க் என்பவர் 1927-ல் சொன்னதும் இப்படித் திரிக்கப்படுகிறது. எலக்ட்ரான் போன்ற துகளின் இருப்பிடமும் அதன் உந்தமும், அதாவது எடையும் வேகமும் பெருகிய அளவும், ஒருங்கே நறுக்காக இருக்க முடியாது என்பது அவர் கண்டது. எவ்வளவுக்கு இருக்க முடியாது என்பதற்கு அதிலேயே எண் உண்டு. "என்ன வேண்டுமானாலும் நடக்கும்" என்று அவர் சொல்லவில்லை. இதே சாஸ்திரத்தைக் கொண்டுதான் 1967 முதல் உலகத்தார் ஒரு விநாடியை நிர்ணயித்திருக்கிறார்கள். சீசியம் அணுவிலிருந்து வரும் ஒரு கதிர் 919 கோடியே 26 லட்சத்து 31 ஆயிரத்து 770 தடவை அசையும் நேரம் ஒரு விநாடி. ராகு காலத்துக்குக் கடிகாரம் பார்க்கிறவர்களும் இந்த விநாடியைத்தான் பார்க்கிறார்கள்!

ஐன்ஸ்டைனே இந்த வாய்ப்புக் கணக்கை ஏற்கவில்லையே, கடவுள் பகடை ஆடமாட்டார் என்றாரே என்பார்கள். ஏற்கவில்லைதான். அதனால் என்ன ஆயிற்று? அவர் பெரியவர் என்பதற்காக உலகம் வாயை மூடிக் கொள்ளவில்லை. அவர் ஆசைப்பட்டபடி ஒவ்வொரு துகளும் தன் விடையைத் தன்னோடேயே எடுத்துக்கொண்டு போகிறது என்றும், தூரத்தில் நடப்பது அதை உடனே தொடாது என்றும் வைத்துக்கொண்டால், அளவுகள் எந்த எல்லையைத் தாண்டக்கூடாது என்று 1964-ல் ஜான் பெல் என்பவர் கணக்குப் போட்டார். பின்னர் கிளவுசர், ஆஸ்பே, சைலிங்கர் ஆகியோர் சோதித்தார்கள். அளவுகள் எல்லையைத் தாண்டின. 2022-ல் அம்மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஐன்ஸ்டைன் சொன்னாலும் சோதனைக்கு நிற்காவிட்டால் தள்ளப்படும் என்பதுதான் விஞ்ஞானம். இவ்விதம் தள்ளப்பட்ட ஒரே ஒரு ரிஷி வாக்கை நம் பண்டிதர்கள் காட்டுவார்களா?

"இதெல்லாம் நம் வேதத்திலேயே இருக்கிறது" என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. டாக்கா சர்வகலாசாலையில் உபாத்தியாயராக இருந்த சத்தியேந்திரநாத் போஸ், 1924-ல் தமது 30-வது வயதில், முன்பின் அறியாத ஐன்ஸ்டைனுக்கு ஒரு கட்டுரை அனுப்பினார். இரண்டு காசுகளை இரண்டு பெட்டிகளில் போட நாலு விதம் உண்டு. ஆனால் ஒளித் துகள்களுக்கு இது அது என்ற அடையாளமே கிடையாது. ஆகவே மூன்று விதந்தான் என்று எண்ண வேண்டும் என்பது அதன் சாரம். ஐன்ஸ்டைன் தாமே அதை ஜெர்மன் பாஷையில் பெயர்த்து அச்சேற்றினார்; அணுக்களும் அப்படி ஒன்றாகக் குவியும் என்று மேலும் கணக்கிட்டார். 70 வருஷம் கழித்து, 1995-ல், அமெரிக்காவில் ருபீடிய அணுக்களை மிக மிகக் குளிரச் செய்து அதைக் கண்ணாரக் கண்டார்கள். போஸ் எந்த வேதத்தையும் ஆதாரம் காட்டவில்லை, கணக்கையே காட்டினார். அதனால்தான் அது நிலைத்தது.

இதை அறியாததனால் வரும் கேடு கொஞ்சமல்ல. "குவாண்டம் சக்தி" என்று பெயர் போட்டுக் கழுத்தில் மாட்டும் பதக்கங்களை விற்கிறார்கள். 2021 டிசம்பரில் நெதர்லாந்து தேசத்து அதிகாரிகள் இத்தகைய சக்திச் சாமான்களில் பத்தைச் சோதித்து, அவற்றிலிருந்து கதிர்வீச்சு வருகிறதென்றும், நெடுநாள் அணிந்தால் உடம்புக்குக் கெடுதி என்றும் எச்சரித்தார்கள். பழைய தாயத்து காசை மாத்திரம் பறித்தது. புதுத் தாயத்து உடம்பையும் பிடிக்கப் பார்க்கிறது!

ஆகவே தோழர்களே, பெரிய வார்த்தை ஒன்றை யாராவது உங்கள்முன் வீசினால் பயந்துவிடாதீர்கள். "இதில் கணக்கு எங்கே? அளந்து பார்த்தவர் யார்? அளவு ஒத்துவராவிட்டால் விட்டுவிட நீ சம்மதமா?" என்று மூன்று கேள்விகள் கேளுங்கள். அந்த உபாத்தியாயர் கடைசியில், "மூன்றாவது கேள்வியைத்தான் நான் இதுவரை யாரிடமும் கேட்டதில்லை" என்றார். இனி அவர் கேட்பார் என்று நம்புகிறேன். அவரிடம் படிக்கும் பிள்ளைகளும் கேட்கட்டும்.