எத்தனை பேர்?

தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் ஒரு தாயிடம் "உங்கள் மாத வருமானம் எவ்வளவு?" என்று எழுதிக் கேட்டால் அவர் பேனையைக் கீழே வைத்துவிடுவார். பதில் தெரியாமல் அல்ல, அவருடைய கணக்கு வேறு. நிறுவை குறைந்த நாளில் அரைப் பேர், சரியாக இருந்த நாளில் முழுப் பேர், வேலை நின்ற நாளில் ஒன்றுமில்லை. "போன மாசம் எத்தனை பேர் விழுந்தது?" என்று கேட்டுப் பாருங்கள், யோசிக்காமல் சொல்வார். அதே கேள்வியைப் பொகவந்தலாவை பஸாரில் கடை வைத்திருக்கும் ஒருவரிடம் கேட்டால், அவர் தன் வீட்டிலுள்ள ஆட்களை எண்ணத் தொடங்குவார்.

ஒரே ஊர், ஒரே மொழி. இந்த இரண்டு வீடுகளுக்கும் வட்ஸ்அப்பில் ஒரே படிவம்தான் போகிறது.

கொரோனா காலத்தில் பாடசாலைகள் மூடிக் கிடந்தபோது வீட்டுக்குள் வந்த கூகுள் படிவம் பிறகு திரும்பிப் போகவில்லை. பிள்ளைகளின் விபரம் திரட்டவும், பெற்றோர் கூட்டத்துக்கு நேரம் கேட்கவும், உயர்தர மாணவியர் தம் செயற்றிட்டத்துக்குத் தரவு சேர்க்கவும் அதுதான். இப்போது அதைத் தயாரிக்கும் வேலையையும் நாம் சாட்பொட்டிடம் கொடுத்துவிட்டோம். சாட்ஜீபீடீயிடமோ ஜெமினியிடமோ "பெற்றோரின் கருத்தை அறியப் பத்துக் கேள்விகள் தா" என்றால் அரை நிமிடத்தில் இலக்கமிட்டுத் தந்துவிடும். பார்க்க ஒழுங்காக இருக்கும். அந்த ஒழுங்குதான் எனக்குப் பயமாக இருக்கிறது. அதைப் பார்த்ததும் நாம் மேற்கொண்டு யோசிப்பதை நிறுத்திவிடுகிறோம்.

மலையகத்தில் படிவம் ஒரு சின்ன விசயமாக என்றைக்கும் இருந்ததில்லை. 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்துக்குப் பின், 1949 இல் இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம் வந்தது. தோட்டத் தொழிலாளருக்கும், தென்னிந்தியாவிலிருந்து வந்து கடை வைத்த முஸ்லிம் குடும்பங்களுக்கும் அதே சட்டம்தான். 1946 ஜனவரி 1 ஆம் திகதிக்கு முன் மணமானவர் 7 ஆண்டுகளும் மணமாகாதவர் 10 ஆண்டுகளும் இடைவிடாமல் இந்நாட்டில் வசித்ததை எழுத்தில் காட்ட வேண்டும். 1951 ஓகஸ்டில் காலம் முடிந்தபோது ஏறத்தாழ 2,37,000 விண்ணப்பங்கள் சேர்ந்திருந்தன, அவற்றுக்குள் 8 இலட்சத்துக்கும் அதிகமானோர் இருந்தனர். பிரஜாவுரிமை கிடைத்ததோ ஏறத்தாழ 1,34,000 பேருக்கு. எஞ்சியோரில் பலருடைய வழக்கு 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் வரை இழுபட்டது. கதவைக் குறுக்குவதே அந்தச் சட்டத்தின் நோக்கம் என்பார்கள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் நோக்கம் நல்லதாக இருந்தாலும் ஒரு படிவம் அதே வேலையைச் செய்துவிடக்கூடும். 22 குறிகாட்டிகளால் வறுமையை அளந்த அஸ்வெசும திட்டத்தின் பெயர்ப்பட்டியல் 2023 இல் வெளியானதும் நாடு முழுவதிலிருந்தும் 9 இலட்சத்துக்கு மேற்பட்ட மேன்முறையீடுகள் வந்தன.

"வீடு சொந்தமா, வாடகையா?" லயத்தில் இருப்பவர் எதைத் தெரிவு செய்வார்? சொந்தமில்லை, வாடகையும் இல்லை. "வீட்டு இலக்கம்?" பல லயங்களில் அப்படி ஒன்று கிடையாது, கடிதம் தோட்டக் காரியாலயத்துக்குத்தான் வரும். "தாயின் தொலைபேசி இலக்கம்" என்ற கேள்விக்கு அருகில் சிவப்பு நட்சத்திரம் போட்டிருக்கும். அதை நிரப்பாமல் அடுத்த பக்கம் திறக்காது. தாய் சவூதியில் வீட்டு வேலையில் இருக்கிறார், பிள்ளையை வளர்ப்பது பாட்டி. அவர் பஸாரில் உள்ள கொமியூனிகேஷன் கடைக்குக் காசு கொடுத்து நிரப்பப் போனால், கடைக்காரத் தம்பி தன் இலக்கத்தையே போட்டு அனுப்பிவிடுவார். படிவம் நிறைந்துவிடும், பாடசாலைக்குப் பதில் கிடைத்துவிட்டது என்றும் தோன்றும்.

இந்த விடயங்களைச் சாட்பொட் தானாகச் சொல்லாது. ஆகவே அதைப் படிவம் எழுதச் சொல்வதை விட, நாம் எழுதிய படிவத்தில் குறை காணச் சொல்வதே நல்லது என்பது என் கருத்து. அந்த வேலையில் அது உண்மையிலேயே கெட்டிக்காரி. "சிற்றுண்டிச்சாலையும் பஸ் வசதியும் திருப்தியா? ஆம் / இல்லை" என்று எழுதியிருந்தால், இது இரண்டு கேள்வி, ஒரு பதில் போதாது என்று உடனே பிடித்துவிடும். "உங்கள் மகள் இரவில் போனில் நேரத்தை வீணாக்குகிறாளா?" என்பதில் "வீணாக்குகிறாளா" என்ற சொல்லே பதிலைச் சொல்லிக்கொடுக்கிறது என்பதையும் காட்டும். "ஒவ்வொரு கேள்விக்கும் வரும் பதிலை வைத்து நான் என்ன முடிவெடுக்கப் போகிறேன் என்று என்னிடமே கேள்" என்று சொல்லிப் பாருங்கள். பாதிக் கேள்விகளுக்கு உங்களிடம் பதில் இருக்காது. அவற்றை வெட்டிவிடலாம்.

முதலில் வெட்ட வேண்டியது தேசிய அடையாள அட்டை இலக்கம். பழைய அட்டையின் ஒன்பது இலக்கங்களில் முதல் இரண்டும் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது, பெண்ணானால் அதனோடு 500 கூட்டியிருக்கும். 2016 முதல் வந்த பன்னிரண்டு இலக்க அட்டையிலும் முறை அதுவே, ஆண்டு மட்டும் நான்கு இலக்கமாகிவிட்டது. ஆக, இலக்கத்தை வாங்கியவர் உம்மாவின் பிறந்த திகதியையும் வாங்கிவிட்டார். சிற்றுண்டிச்சாலை பற்றிய கருத்துக்கு அது எதற்கு? தேவைக்கு மேல் தகவல் திரட்டக் கூடாது என்பது 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்திலும் உள்ளது. அதே காரணத்துக்காக, வந்து சேர்ந்த பதில்களைப் பெயரோடும் தொலைபேசி இலக்கத்தோடும் சாட்பொட்டில் ஒட்டி "சுருக்கித் தா" என்று கேட்காதீர்கள். பரிசோதிக்கக் கொடுக்க வேண்டியது வெற்றுப் படிவத்தை மட்டுமே.

மொழியிலும் கவனம் வேண்டும். அது படித்த தமிழில் பெரும்பகுதி தமிழ்நாட்டுத் தமிழ். "ரேஷன் அட்டை", "வட்டாட்சியர்", "பஞ்சாயத்து" எல்லாம் நம் படிவத்துக்குள் நுழைந்துவிடும். இலங்கை வழக்கில் எழுது, பிரதேச செயலகம், கிராம உத்தியோகத்தர் என்று எழுது என நாம்தான் சொல்ல வேண்டும். இனம் என்ற கேள்விக்கு "முஸ்லிம்" என்று ஒரே பெட்டி வைத்தால், சோனகரையும் மலாயரையும் வெவ்வேறாக எண்ணும் நாட்டில், வகுப்பில் உள்ள மலாய்ப் பிள்ளை "மற்றவை"யைத் தேட வேண்டியிருக்கும். 2012 குடிசன மதிப்பீட்டின்படி மலாயர் சுமார் 44,000 பேர். (அந்தக் கேள்வியே தேவையா என்பதையும் யோசியுங்கள்.)

"தரம் 5 வரை படித்த ஒரு மூதாட்டியாக இருந்து இதை நிரப்பு, எங்கே தடுக்கினாய் என்று சொல்" என்றால் சாட்பொட் நடித்துக் காட்டும். ஓரளவு பயன் உண்டு. ஆனால் அந்த மூதாட்டி எல்லாக் கேள்விக்கும் மரியாதையாகப் பதில் சொல்பவர். நம் வீட்டு மூதாட்டி வெட்கப்படுவார், வருமானத்தைக் கூட்டிச் சொல்வார், அல்லது "நீயே எதையாவது போடு மகள்" என்று போனைத் திருப்பித் தந்துவிடுவார். இதை எந்தச் சாட்பொட்டும் நடித்து நான் பார்த்ததில்லை.

இன்னொரு பிழை, எவ்வளவு திறமையாக எழுதினாலும் தீராதது. "வீட்டில் இணைய வசதி உண்டா?" என்பதை இணையப் படிவத்தில் கேட்டால் "ஆம்" என்ற பதில்தான் குவியும். 1936 இல் அமெரிக்காவின் லிட்டரரி டைஜஸ்ட் சஞ்சிகை ஒரு கோடிப் பேருக்கு வாக்குச்சீட்டு மாதிரி அனுப்பியது. பெயர்களைப் பெரும்பாலும் தொலைபேசிப் புத்தகத்திலிருந்தும் கார்ப் பதிவுகளிலிருந்தும் எடுத்தார்கள். 20 இலட்சத்துக்கும் அதிகமான பதில்கள் வந்தன. லாண்டன் வெல்வார் என்று அறிவித்தது. ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46 ஐ வென்றார். தொலைபேசியும் காரும் இல்லாத பல வீடுகளை அந்தப் பட்டியல் தொடவே இல்லை.

செயற்றிட்டம் செய்யும் மாணவியருக்கு ஒரு யோசனை. படிவத்தைக் குழுமத்தில் போடுவதற்கு முந்தைய நாள், பஸாரில் ஒரு வீட்டுக்கும் லயத்தில் ஒரு வீட்டுக்கும் எடுத்துச் செல்லுங்கள். போனை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு வாய் திறக்காமல் பக்கத்தில் இருங்கள். விரல் எந்தக் கேள்வியில் நிற்கிறது, எங்கே "இது என்ன பிள்ளை?" என்று கேட்கிறார்கள் என்பதைக் குறித்துக்கொண்டு வந்து அந்தக் கேள்விகளை மட்டும் திருத்துங்கள். எழுத விருப்பமில்லாதவர் குரல் பதிவாகவே பதில் அனுப்பலாம் என்று படிவத்தின் மேலேயே போட்டுவிடுங்கள், பாட்டிமாருக்கு அது நன்றாகவே வரும்.