பட்டிப்பூவைப் பிடுங்காதேங்கோ

வெயில் கொளுத்துற வேலியோரத்துக்கு என்ன நடலாம் எண்டு கேட்டால், நாங்கள் பட்டிப்பூவைத்தான் சொல்லுவம். நித்தியகல்யாணி எண்டால் இன்னும் கொஞ்சப்பேருக்கு விளங்கும். சாவீட்டுப் பூ எண்டு அதைப் பிடுங்கி எறிஞ்சுபோட்டு, ஒரு பருவத்தோடு பட்டுப்போற பூக்கண்டைக் காசு குடுத்து வாங்குவதில் எங்களுக்கு உடன்பாடில்லை. இதுவோ வருசக்கணக்காய் நிண்டு பூக்கும். மடகஸ்கார் செடி, வறட்சி தாங்கும், தண்ணி தேங்கினால்தான் வேர் அழுகும். பசளையை அள்ளிக் கொட்டினால் இலைதான் மதாளிக்கும், பூ குறையும். நுனியைக் கிள்ளிவிட்டால் பத்தையாய் வரும்.

பிள்ளைகளின் இரத்தப் புற்றுநோய்க்குக் குடுக்கிற வின்கிறிஸ்டின் மருந்தும் இந்தச் செடியில் இருந்துதான் எடுக்கப்படுகிறது. அதுக்காக இலையை அவிச்சுக் குடிச்சிடாதேங்கோ, நஞ்சு! ஆடு மாடும் பெரும்பாலும் வாய் வைக்காது. வேலி இன்னும் அடைக்காத வளவெண்டால் அதுவும் ஒரு வசதிதான்.