லெட்டர்பேடு நம் கையில் இருக்கட்டும்

கடைக்கு வருபவர்களுக்குப் பெயர்ப்பலகை முகம் என்றால், வெளியூர் மொத்த வியாபாரிக்கும் வங்கிக்கும் நம் லெட்டர்பேடுதான் முகம். அதில் உள்ள முகவரி சரியாக இருக்க வேண்டாமா?

திருக்கோவிலூர் வணிகர்களாகிய நாம் 1993 வரை தென்னாற்காடு மாவட்டம்; பிறகு விழுப்புரம்; 2019 நவம்பர் முதல் கள்ளக்குறிச்சி. ஆற்றின் அக்கரையில் உள்ள அரகண்டநல்லூரோ இன்றும் விழுப்புரம் மாவட்டம்தான். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது பழைய டின் எண் போய், 33 என்று தொடங்கும் 15 இலக்க எண் வந்தது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் அச்சடித்த தாள்கள் வீண். பேனாவால் அடித்துத் திருத்திய தாளில் கடன் விண்ணப்பம் கொடுத்தால் மதிப்பு வருமா?

கம்ப்யூட்டரில் ஒரு மாதிரிப் படிவம் செய்து வைப்பதே சிக்கனம் என்பது நம் கருத்து. வேர்டிலோ, விலையின்றிக் கிடைக்கும் லிப்ரே ஆபீசிலோ, தாளின் தலைப்பகுதியான ‘ஹெடரில்’ கடைப்பெயர், பதிவுச் சான்றில் உள்ளபடி முகவரி, ஜி.எஸ்.டி. எண், மளிகைக் கடையானால் உணவுப் பாதுகாப்பு உரிம எண் ஆகியவற்றை அமைக்கலாம். சேமிக்கும்போது ‘டெம்ப்ளேட்’ வகையாகச் சேமிக்க வேண்டும். அதைத் திறக்கும்போதெல்லாம் புதுத் தாள் வரும். மூலம் அப்படியே இருக்கும். தமிழ் எழுத்து யுனிகோடில் இருக்கட்டும். பழைய எழுத்துருவானால் அடுத்தவர் கம்ப்யூட்டரில் புரியாத குறிகளாகத் தெரியும்.

டி.டி.பி. சென்டரில் செய்தாலும் அந்தக் கோப்பைக் கேட்டு வாங்கி வைத்துக் கொள்ளுங்கள். கடைச் சாவியை அடுத்தவரிடம் விட்டு வருவோமா?