மணல் மீனைக் கொல்லாது

செடித் தொட்டிக்கு 'அக்வா சாயில்' எனும் சத்து மண்தான் பாதுகாப்பு, சாதாரண மணல் ஆபத்து என்ற பேச்சு மீன் வளர்ப்போரிடையே வேரூன்றிவிட்டது. மணலுக்கடியில் நச்சு வாயு சேரும், சத்தில்லாததால் செடி பிழைக்காது, சாயிலால் மீனுக்குத் தீங்கே இல்லை என்று மூன்று காரணங்கள் சொல்கிறார்கள். மூன்றும் ஆராய்ந்தால் நிற்பதில்லை.

காற்றுப் புகாத அடிமண்ணில் ஹைட்ரஜன் சல்ஃபைடு உண்டாவது உண்மை. மணலைக் கிளறினால் வரும் அழுகிய முட்டை நாற்றம் அதுதான். ஆனால் அதற்குக் காரணம் மணல் அல்ல, அதில் புதைந்து மட்கும் தீனியும் கழிவும், தேவைக்கு மீறிய ஆழமும். ஆக்சிஜன் உள்ள நீரில் கலந்ததும் அந்த வாயு சிதையத் தொடங்கிவிடும். ஐந்து சென்டிமீட்டர் அளவுக்கு மணலைப் பரப்பிச் செடிகளை நெருக்கி நட்டால், வேர்கள் கசியவிடும் ஆக்சிஜனே அடிமண்ணைக் காக்கும்.

அடுத்தது சத்து. அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் செடிகளின் கிழங்குத் தண்டை மண்ணில் புதைத்தால்தான் அழுகும். மரக்கட்டையில் கட்டினாலே அவை தழைக்கும். ஹார்ன்வோர்ட்டுக்கு வேரே கிடையாது. இலங்கை ஓடைகளில் இயல்பாக வளரும் கிரிப்டோகோரைன் வெண்டியைப் போல வேரால் உண்ணும் செடிகளுக்கு, வேரடியில் உர வில்லை ஒன்றைப் புதைத்தால் போதும்.

மாறாக, சத்தேற்றிய பல சாயில்கள்தான் முதல் சில வாரங்களுக்கு அம்மோனியாவைக் கக்குகின்றன. அப்போது விட்ட மீன் செவுள் புண்ணாகி, நீர்மட்டத்தில் வாயைத் திறந்து திணறும். அடிக்கடி தண்ணீர் மாற்றி, அம்மோனியாவும் நைட்ரைட்டும் சோதனையில் பூஜ்யம் காட்டிய பிறகே மீன் விட வேண்டும். மென்னீர் விரும்பும் இறால்களுக்கும் தரைபரவும் செடிகளுக்கும் சாயில் உதவுமே என்பார்கள். உதவும், அது அந்த உயிர்களின் தேவை, எல்லாத் தொட்டிக்குமான பாதுகாப்பு விதியல்ல.

எந்த மணலும் ஆகும் என்பதும் தவறு. கடற்கரை மணலில் உள்ள சிப்பித் துகள் கரைந்து நீரின் கடினத்தன்மையையும் பிஎச் அளவையும் ஏற்றும். உலர்ந்த மணலில் வினிகர் விட்டுப் பாருங்கள், நுரைத்தால் ஒதுக்குங்கள். நுரைக்காவிட்டாலும் ஒரு வாரம் நீரில் ஊறவைத்து, பிஎச் ஏறவில்லை என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். பிறகு கலங்கல் நீங்கும்வரை அலசிப் பயன்படுத்தலாம். மீனைக் காப்பது இந்தச் சோதனையும் பராமரிப்பும்தான், மூட்டையின் விலையல்ல.