தண்ணீரில் முக்கினால் உளி ஆகிவிடுமா?

"இரும்பைச் சிவக்கக் காய்ச்சி, தண்ணீரில் முக்கினால் உளி தயார்!" இப்படிச் சொல்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. அதை நம்பித்தான், ஓய்வு பெற்ற புதிதில், பழைய அரத்தில் உளி செய்தேன். முதல் அடியிலேயே முனை தெறித்து மூக்குக்கண்ணாடியில் கீறியது. கண்ணாடி இல்லையென்றால் கண்.

கட்டடக் கம்பியில் கரி போதாது, உளிக்கு உதவாது. லாரி ஸ்பிரிங் பட்டையை எண்ணெயில் தோய்க்க வேண்டும். தண்ணீரில் விரிசல் விடும். அரம் நல்ல எஃகுதான். காந்தம் ஒட்டாத அளவு காய்ந்ததும் தோய்க்கலாம். ஆனால் அதோடு நிறுத்தினால் கண்ணாடிச் சில் மாதிரி உடையும். தேய்த்துப் பளபளப்பாக்கி, வைக்கோல் நிறம் ஏறும்வரை, சுமார் 220 டிகிரிக்கு, மறுபடி சூடு காட்ட வேண்டும். பிரெஞ்சில் இதற்கு 'ரெவெனு' என்று பெயர். பிரெஞ்சுப் பள்ளியில் படித்த குமாஸ்தாவான எனக்கு, வருமானம் என்ற பொருள் மட்டும்தான் தெரிந்திருந்தது!

பட்டறைக்காரர் யாரும் இந்த இரண்டாம் சூட்டை விடுவதில்லை. ஊருக்கு யோசனை சொல்பவர்கள்தான் விட்டுவிடுகிறார்கள்.